திட்ட அறிக்கையை நீங்களே எழுதுங்கள்: இணையவழி மென்டாருடன் வேலை செய்யும் முறை

கோவையிலோ திருப்பூரிலோ தொழில் தொடங்கப்போவதாக ஒருவர் வாயைத் திறந்தால் போதும், அறிவுரை சொல்ல ஊரே திரண்டு வரும். பல்லடத்தில் தறி ஓட்டும் மாமா ஒன்று சொல்வார்; வெள்ளக்கோவிலில் எண்ணெய் ஆலை வைத்திருக்கும் பங்காளி அதற்கு நேர்மாறாகச் சொல்வார்; கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் இரண்டையும் மறுப்பார். இத்தனை பேரில் ஒருவர்கூட, நீங்கள் எழுதி வைத்திருக்கும் கணக்கைக் கையில் வாங்கி, "இந்த எண் எங்கிருந்து வந்ததுங்க?" என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே மென்டார், அதாவது அனுபவமுள்ள வழிகாட்டி ஒருவரை இணையம் வழியாகத் தேடிக்கொண்டு, அவருடன் தனித்து அமர்ந்து தொழில் திட்ட அறிக்கையை எழுதி முடிப்பது எப்படி என்பதையே இங்கே சொல்லப்போகிறேன்.

என் முதல் திட்ட அறிக்கையை நான் எழுதவில்லை. பலரையும் போலவே, பணம் கொடுத்து ஓரிடத்தில் தட்டச்சு செய்து வாங்கினேன். நாற்பது பக்கம், சுருள் கட்டு, வண்ண அட்டை. வங்கியில் மேலாளர் ஏழாம் பக்கத்தைப் புரட்டி, "பனியன் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு நெல் ஊறவைக்கும் தொட்டி எதற்குங்க?" என்று கேட்டார். யாரோ ஒருவருடைய அரிசி ஆலை அறிக்கையில் என் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். கடன் கிடைக்காததைவிட, என் தொழிலைப் பற்றிய தாளில் என்ன இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாமல் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்ததுதான் உறுத்தியது. பின்னாளில் நானே மற்றவர்களுக்கு மாலை நேரங்களில் திரை வழியாக வழிகாட்டத் தொடங்கியபோது, முதல் விதியாக வைத்துக்கொண்டது இதுதான்: அறிக்கையின் ஒரு வரியைக்கூட மென்டார் எழுதக் கூடாது.

மென்டார் யார், யார் இல்லை

ஆடிட்டர் கணக்கைச் சட்டப்படி ஒழுங்குபடுத்தித் தருவார். ஆலோசகர் கட்டணம் வாங்கிக்கொண்டு வேலையை முடித்துத் தருவார். மென்டார் இந்த இருவரின் வேலையையும் செய்வதில்லை. அவர் ஒரு தொழிலை நடத்தியோ நிர்வகித்தோ அடிபட்டுத் தேர்ந்தவர். பெரும்பாலும் கட்டணம் வாங்காமல், குறிப்பிட்ட காலத்துக்கு, உங்களுடைய முடிவுகளை நீங்களே எடுக்கும்படி கேள்விகளால் உதவுபவர். இந்த முறைக்கு நெடிய வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஓய்வுபெற்ற நிர்வாகிகளைச் சிறுதொழில் செய்வோருடன் இணைத்துவிடும் ஸ்கோர் என்ற தன்னார்வ அமைப்பு 1964-இலேயே தொடங்கப்பட்டது. நேரில் மட்டும் நடந்த அந்தச் சந்திப்புகள் இன்று காணொளி வழியாகவும் நடக்கின்றன.

நம் பகுதியைப் பொறுத்தவரை இணையவழிக்குத் தனியாக ஒரு பயன் இருக்கிறது. இதைப் பலரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. சோமனூரிலோ சென்னிமலையிலோ உங்கள் தொழிலை நன்கறிந்த ஒருவர் உள்ளூரிலேயே இருந்தால், அவர் போட்டியாளராகவோ, போட்டியாளரின் சம்பந்தியாகவோ இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். நீங்கள் எந்த விலைக்கு நூல் வாங்குகிறீர்கள், யாரிடம் கடன் கேட்டிருக்கிறீர்கள் என்ற செய்தி, அவர் விரும்பாவிட்டாலும், அடுத்த சீர் வீட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். ஓசூரிலோ மதுரையிலோ இருக்கும் ஒருவரிடம் மனம்விட்டுக் கைமுதலையும் கடன் பாக்கியையும் சொல்லிவிடலாம்.

தேடுவதற்கு முன் இரண்டு பக்கம்

வெறுங்கையுடன் மென்டாரைத் தேடிப் போகாதீர்கள். கணக்கு நோட்டில், தமிழிலேயே, இரண்டு பக்கத்துக்கு மிகாமல் ஒரு வரைவு எழுதுங்கள். என்ன பொருள், யார் வாங்குவார்கள், இப்போது அவர்கள் அதை யாரிடம் என்ன விலைக்கு வாங்குகிறார்கள், மாதம் எவ்வளவு உற்பத்தி செய்ய முடியும், இயந்திரத்துக்கு என்ன கொட்டேஷன் வந்திருக்கிறது, கைமுதல் எவ்வளவு, எவ்வளவு கடன் தேவை என்பன அதில் இருந்தால் போதும். தெரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு விட்டுவிடுங்கள். அழகான வாக்கியங்களைவிட அந்தக் கேள்விக்குறிகளே மென்டாருக்குப் பயன்படும், ஏனெனில் எங்கிருந்து தொடங்குவது என்பதை அவை காட்டிவிடும்.

ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்ற எண்ணத்தை இந்தக் கட்டத்தில் விட்டுவிடுவது நல்லது. வங்கிக்கு ஆங்கில வடிவம் தேவைப்பட்டால் கடைசியில் மொழிபெயர்த்துக்கொள்ளலாம்.

எங்கே தேடுவது

தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு மென்டார்களைத் தொழில்முனைவோருடன் இணைக்கும் தளம் ஒன்றை நடத்துகிறது. அதற்கு ஈரோட்டில் வட்டார மையமும் உண்டு. நடுவண் அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா திட்டத்தின்கீழ் மார்க் என்ற தளமும், உலக அளவில் மைக்ரோமென்டார் என்ற கட்டணமில்லாத் தளமும் இருக்கின்றன. அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது. அங்கே அறிமுகமாகும் பயிற்றுநர்கள் பிறகு மென்டார்களாக அமைவது உண்டு. கோவையில் 1969 முதல் இயங்கும் சிறுதொழில் சங்கமான கொடிசியா, புதுத் தொழில்களை வளர்த்தெடுக்கும் பிஎஸ்ஜி ஸ்டெப் போன்ற தொழில் காப்பகங்கள், வேளாண் பொருளாக இருந்தால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காப்பகம், நீங்கள் படித்த கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கம் ஆகியவற்றிலும் விசாரிக்கலாம்.

தளத்தில் ஒருவருடைய பக்கத்தைப் பார்க்கும்போது பட்டங்களையும் விருதுகளையும் விட்டுவிட்டு, அவர் சம்பளம் கொடுத்த அனுபவம் உள்ளவரா என்று பாருங்கள். மாதம் ஏழாம் தேதி கூலிக்குப் பணம் இல்லாமல் அலைந்த ஒருவர் உங்கள் அறிக்கையைப் படிக்கும் விதமே வேறாக இருக்கும். உங்கள் தொழிலையே செய்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தேங்காய் நார் தொழிலுக்குக் கொள்முதல் பருவம் முக்கியம் என்பதை, மஞ்சள் வணிகம் செய்த ஈரோட்டுக்காரர் நன்றாகவே புரிந்துகொள்வார்.

முதல் செய்தியைச் சுருக்கமாக எழுதுங்கள். "உங்கள் ஆலோசனை வேண்டும்" என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் பதில் வராது. எனக்கு வந்த நல்ல செய்திகளின் சாயலில் ஒன்று கீழே.

"வணக்கம் சார். காங்கேயத்துக்குப் பக்கத்தில் மரச்செக்கு நிலக்கடலை எண்ணெய் ஆலை தொடங்கத் திட்டமிட்டிருக்கிறேன். ஐந்து வருடம் ஓர் எண்ணெய் ஆலையில் கணக்குப் பார்த்திருக்கிறேனுங்க. இயந்திரத்துக்குக் கொட்டேஷன் வாங்கிவிட்டேன்; கைமுதல் 3.5 லட்சம். கடலைப் பருப்பை எவ்வளவு இருப்பு வைப்பது, அதற்கு எவ்வளவு நடைமுறை மூலதனம் கேட்பது என்பதில்தான் தடுமாறுகிறேன். இரண்டு பக்க வரைவை இணைத்திருக்கிறேன். மாதம் இரண்டு முறை, 45 நிமிடம் வீதம், மூன்று மாதத்துக்கு உங்கள் நேரம் கிடைக்குங்களா?"

யார், எங்கே, எவ்வளவு தூரம் வந்திருக்கிறார், எங்கே நிற்கிறார், என்ன கேட்கிறார் என்பவை அனைத்தும் இதில் இருக்கின்றன. மறுப்பதற்கும் எளிதான செய்தி இது. மறுப்பதற்கு எளிதாக இருந்தால்தான் ஒப்புக்கொள்வதும் மனமார நடக்கும்.

முதல் சந்திப்பு

தறிச் சத்தம் இல்லாத இடத்தில் அமருங்கள். அன்றைக்கு மின்வாரியப் பராமரிப்பு நிறுத்தம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வரைவை ஒரு நாள் முன்னதாக அனுப்பிவிட்டு, பேச வேண்டிய மூன்று கேள்விகளை மட்டும் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆலைக்கு இடம் பார்த்துவிட்டீர்கள் என்றால், கைபேசியை எடுத்துக்கொண்டு நடந்து காட்டுங்கள். ஒரு முறை பொள்ளாச்சிப் பக்கத்துத் தம்பி ஒருவர் இப்படிக் காட்டியபோது, லாரி திரும்புவதற்கு இடமில்லாத சந்துக்குள் கிட்டங்கி இருப்பதைக் கண்டேன். அவருடைய அறிக்கையில் அது ஒரு வரியாகக்கூட இல்லை.

எத்தனை சந்திப்பு, இடையில் வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்கலாமா, எந்த நேரத்தில் அழைக்கலாம், கேட்டவற்றை அவர் வெளியே பேசாதிருப்பாரா என்பவற்றை முதல் நாளே வாய்விட்டுப் பேசித் தீர்மானிக்க வேண்டும். பேசி முடித்த அன்றிரவே, என்ன முடிவானது, அடுத்த முறைக்குள் நீங்கள் செய்ய வேண்டியது என்ன என்று ஐந்து வரி எழுதி அவருக்கு அனுப்புங்கள். வயதில் மூத்தவர் சொல்லும்போது மறுத்துப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம்; அந்த மரியாதை "சரிங்க, சரிங்க" என்ற தலையாட்டலாகவே முடிந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். புரியாதபோது, "இது எனக்கு விளங்கலைங்க, இன்னொரு முறை சொல்றீங்களா" என்று கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை.

கணக்கில் நேரத்தைச் செலவிடுங்கள்

மூன்று மாதச் சந்திப்புகளில் பாதிக்கு மேல் இந்தப் பகுதிக்கே போக வேண்டும் என்பது என் கருத்து. மேலே சொன்ன செக்கு எண்ணெயையே எடுத்துக்கொண்டு, இருவரும் திரையில் ஒரே தாளைப் பார்த்தபடி எப்படிக் கணக்குப் போடுவது என்று காட்டுகிறேன். இதில் உள்ள விலைகள் எடுத்துக்காட்டுக்காக, வரி நீங்கலாக, வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் ஏல விலையையும் உங்கள் கடைத்தெரு விலையையும் அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு 100 கிலோ பருப்பு, மாதம் 25 நாள் என்றால் 2,500 கிலோ. கிலோ 120 ரூபாய் வீதம் மாதம் 3,00,000 ரூபாய் பருப்புக்கே போய்விடுகிறது. நூறு கிலோவுக்கு 40 கிலோ எண்ணெய் இறங்குவதாகக் கொண்டால், அது ஏறத்தாழ 44 லிட்டர். மாதம் 1,100 லிட்டர். புண்ணாக்கு நாளுக்கு 55 கிலோ, கிலோ 40 ரூபாய் வீதம் மாதம் 55,000 ரூபாய். எண்ணெய் முழுவதையும் கடைகளுக்கு மொத்த விலையில் லிட்டர் 280 ரூபாய்க்குக் கொடுத்தால் 3,08,000 ரூபாய். ஆக மொத்த வரவு 3,63,000. பருப்பு விலை போக மிஞ்சுவது 63,000. பாட்டிலுக்கு 12,100, இரண்டு ஆட்களுக்குக் கூலி 36,000, வாடகை 8,000, மின்சாரம் 6,000 என்று கழித்தால் கையில் நிற்பது 900 ரூபாய்.

இந்த இடத்தில் பெரும்பாலோர் அதிர்ந்துபோவார்கள். சிலர் உடனே எண்ணெய் இறங்கும் அளவை 45 கிலோவாக மாற்றிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். மென்டார் இருப்பதே அந்தத் திருத்தத்தைத் தடுப்பதற்குத்தான். மாற்ற வேண்டியது விற்பனை வழியைத்தான். வீடுகளுக்கு நேரடியாக லிட்டர் 340 ரூபாய்க்கு விற்றால் ஒவ்வொரு லிட்டருக்கும் 60 ரூபாய் கூடுகிறது. அப்படியானால் எத்தனை லிட்டரை நேரடியாக விற்றாக வேண்டும்? இயந்திரத்துக்காக 6 லட்சம் கடன், 11% வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை 13,000 ரூபாயைச் சற்றுத் தாண்டும். நடைமுறை மூலதனத்துக்காக, அதாவது சரக்கு வாங்கவும் அன்றாடச் செலவுக்கும், வாங்கும் கடனுக்கு வட்டி தனி. அடுத்ததாக மென்டார் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: "உங்க வீட்டுச் செலவுக்கு மாசம் எவ்வளவு எடுப்பீங்க?" நான் பார்த்த முதல் வரைவுகளில் பெரும்பாலானவற்றில் முதலாளிக்குச் சம்பளமே இருக்காது, குடும்பம் காற்றைக் குடித்து வாழ்வதாகவே கணக்கு இருக்கும்.

நடைமுறை மூலதனத்துக்கு வருவோம். சிறு தொழில்களுக்கு வங்கிகள் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும், ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் கணக்கு எளிமையானது: எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25% நடைமுறை மூலதனத் தேவை, அதாவது விற்பனையில் 20% அளவுக்கு வங்கி தரும், 5% உங்கள் பங்கு. நேரடி விற்பனையும் சேர்ந்து ஆண்டு விற்பனை 48 லட்சத்தை ஒட்டி வந்தால் வங்கியிடம் ஏறத்தாழ 9.5 லட்சம் கேட்கலாம். உங்கள் பங்கு 2.4 லட்சம். அறுவடைக் காலத்தில் விலை இறங்கியிருக்கும்போது மூன்று மாதப் பருப்பை வாங்கி வைப்பதற்கு 9 லட்சம் தேவை என்பதால், பணத்தில் பெரும்பகுதி மூட்டைகளாகக் கிட்டங்கியில் உட்கார்ந்துவிடும். இந்த 9.5 லட்சத்துக்கு 11% வட்டி மாதம் 8,700 ரூபாய். தவணை, வட்டி, வீட்டுச் செலவுக்கு 15,000 எல்லாம் சேர்த்தால் 36,700-ஐத் தாண்டுகிறது. அதை 900 ரூபாயிலிருந்து எட்டிப் பிடிக்க, மாதம் 600 லிட்டர் நேரடியாக விற்க வேண்டும்.

ஒரு குடும்பம் மாதம் 3 லிட்டர் வாங்கும் என்றால் அது 200 குடும்பம். இப்போது நாற்பது பக்க அறிக்கை ஒரே கேள்வியாகச் சுருங்கிவிட்டது: மாதந்தோறும் தவறாமல் வாங்கும் 200 குடும்பங்கள் யார்? அடுத்த சந்திப்புக்குள் காங்கேயத்திலும் தாராபுரத்திலும் முப்பது வீடுகளில் விசாரித்து வரும்படி மென்டார் சொல்வார். அந்த முப்பது வீட்டுப் பதில்கள்தான் அறிக்கையின் சந்தைப் பகுதி. இணையத்தில் எடுத்த உலகச் சந்தை மதிப்பு அங்கே தேவையில்லை.

கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்பவர்களுக்கு இந்தக் கேள்வி வேறு உருவம் எடுக்கும். பாக்கி எப்போது வரும் என்பதே அவர்களுக்கு உயிர்நிலை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஆனாலும் திருப்பூரில் பாக்கி எத்தனை நாளில் வருகிறது என்பதைச் சட்டப் புத்தகத்தைப் பார்த்து எழுதாமல், அந்தக் கம்பெனிக்கு ஏற்கெனவே தைத்துக் கொடுப்பவரிடம் கேட்டு எழுதுங்கள்.

மானியமும் அனுமதியும்

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், 2022-இல் உயர்த்தப்பட்ட வரம்பின்படி, உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்டச் செலவு காட்டலாம். மானியம் பிரிவையும் இடத்தையும் பொறுத்து 15 முதல் 35% வரை. அந்த மானியம் கையில் வரும் பணம் என்று எண்ணி அறிக்கையில் வரவாக எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வங்கியில் மூன்று ஆண்டு வைப்பாக இருந்து, பிறகே கடனில் வரவு வைக்கப்படும். புதிய தொழில்முனைவோருக்கான மாநில அரசின் நீட்ஸ் திட்டம் உள்ளிட்ட மற்றவற்றை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியூர் மென்டாரைவிட அங்குள்ள அலுவலர்களுக்கு நடப்பு விதி தெரியும். சிறுதொழில்களுக்கான நடுவண் அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது; பணம் கேட்கும் தளத்தை உடனே மூடிவிடுங்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வகைப்பாட்டை மட்டும் தனியாகச் சரிபாருங்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதையும், தென்னை நார்த் தொழில் 2021-இல் மாசு மிகக் குறைவான வெள்ளை வகையிலிருந்து மாசு கூடிய ஆரஞ்சு வகைக்கு மாற்றப்பட்டதையும் கண்ட பகுதி இது. விதி மாறினால் எவ்வளவு செலவு கூடும் என்று ஒரு பத்தி இருந்தால் வங்கியில் நிச்சயம் மதிப்பார்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள்

கடன் வாங்கித் தருகிறேன், கிடைத்ததும் இத்தனை சதவீதம் கொடுங்கள் என்று சொல்பவர் தரகர். அவரை மென்டார் என்று அழைக்காதீர்கள். ஆதார் எண், ஓடிபி, வங்கிக் கடவுச்சொல், அசல் பத்திரத்தின் நகல் ஆகியவற்றை எந்த மென்டாருக்கும் அனுப்பத் தேவையில்லை. அதேபோல, மென்டாரிடம் நீங்களும் கைமாற்று கேட்காதீர்கள். ஜாமீன் கையெழுத்தும் கேட்காதீர்கள். ஒரு முறை கேட்டுவிட்டால், அதற்குப் பின் அவர் உங்கள் கணக்கை முன்போல் பார்க்க முடியாது.

இரண்டு சந்திப்புக்குப் பின்னும், அவர் தன் பழைய வெற்றிகளை மட்டுமே பேசிக்கொண்டிருந்தால், நன்றி சொல்லி விலகிக்கொள்வதே நல்லது. "உங்க நேரத்துக்கு நன்றிங்க, இனி என் தேவை வேறு மாதிரி இருக்குதுங்க" என்ற ஒரு செய்தி போதும். பதில் சொல்லாமல் மறைந்துவிடுவது மட்டும் வேண்டாம். மென்டார்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள்.

கடைசி இரண்டு சந்திப்புகள்

ஒன்றில் மென்டார் வங்கி மேலாளராக அமரட்டும். அறிக்கையைப் பார்க்காமல், பருப்பு விலை 140 ஆனால் என்ன செய்வீர்கள், செக்கு ஒரு வாரம் பழுதானால் தவணை எப்படிக் கட்டுவீர்கள், உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆலையை யார் பார்ப்பார்கள் என்று கேட்கட்டும். தவணையையும் வட்டியையும் கட்டுவதற்குக் கையில் வரும் பணம் அவற்றைப் போல் எத்தனை மடங்கு என்பதைக் காட்டும் டிஎஸ்சிஆர் விகிதத்தை நீங்களே தாளில் போட்டுக் காட்ட வேண்டும். தடுமாறிய ஒவ்வொரு இடத்திலும் அறிக்கையைத் திருத்துங்கள்.

மற்றொன்றைக் கடன் கிடைத்து மூன்று மாதம் கழித்து வையுங்கள். அறிக்கையில் எழுதிய எண்ணை ஒரு பத்தியிலும், உண்மையில் நடந்ததை அடுத்த பத்தியிலும் எழுதி, முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். 200 குடும்பம் என்று எழுதியிருந்து 85 குடும்பம்தான் வந்திருக்கிறது என்றால், அந்த 85-ஐத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். அன்றைய 45 நிமிடமும் அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.